திண்ணையிலிருந்து 180 அடி

எங்கள் தோட்டத்து வீட்டுத் திண்ணையிலிருந்து கிணற்றடி மோட்டார் ரூம் 180 அடி. அப்பா எட்டு வைத்து அளந்து சொன்ன கணக்கு அது. பிறகு நான் டேப் பிடித்துப் பார்த்தபோது 181 வந்தது. ஆனாலும் வீட்டில் 180 என்றே பேச்சு நின்றுவிட்டது. ஊர், உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். தென்னையும் மக்காச்சோளமும் வைக்கிற பூமி. கிணற்றில் 5 ஹெச்.பி. மோட்டார். மும்முனை மின்சாரம் அப்போது பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம் என்று ஷிப்ட் போட்டு வரும். ராத்திரி கரண்ட் வந்தால் தெரிவதற்காக மோட்டார் ரூம் வாசலில் அப்பா ஒரு பல்பு தொங்கவிட்டிருந்தார். எவ்வளவு அசந்து தூங்கினாலும் அந்த வெளிச்சம் பட்டதும் எழுந்துவிடுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு நடப்பார். பச்சைப் பட்டனை அழுத்திவிட்டு வந்து படுப்பார். தொட்டி நிறைகிற நேரம் பார்த்து மறுபடி ஒரு நடை.

2001 ஐப்பசியில் ஒரு ராத்திரி அவர் பட்டனுக்குக் கை நீட்டியபோது, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேர் கீழே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து வந்துவிட்டார். அன்றைக்குத் தண்ணீர் பாயவில்லை. இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. சனிக்கிழமை பாலிடெக்னிக் ஹாஸ்டலிலிருந்து வந்தபோது அம்மாதான் சொன்னார். "உங்கப்பா வாயத் தொறக்க மாட்டாரு கண்ணு. நீ அத்தன படிக்கறயே, ஏதாச்சும் பண்ணேன்."

கரண்ட் வந்ததும் தானாக ஓடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் அப்போதே உண்டு. அப்பாவுக்கு அது ஆகாது. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, மடை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் மோட்டார் ஓடக் கூடாது என்பார். தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டாரின் காயில் கருகி, அதைக் கட்டக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் பயிர் வாடுவதைப் பார்த்தவர் அவர். கம்பி இழுக்கலாமே என்றால், அதையும் ஒரு முறை செய்தாயிற்று. வீட்டிலிருந்து தென்னைக்குத் தென்னை கட்டிக் கொண்டுபோன ஒயரை மூன்றே மாதத்தில் ஒரு மட்டை விழுந்து அறுத்தது. ஒட்டுப் போட்டோம். அணில் கடித்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

நான் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. கையில் இருந்த யோசனை ஒன்றுதான். டி.வி. ரிமோட்.

டி.வி. ரிமோட்டின் மூக்கில் இருக்கும் எல்.ஈ.டி., கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தருகிறது. அதன் அலைநீளம் 940 நானோமீட்டர். சூரியனும் குண்டு பல்பும் அடுப்பு நெருப்பும்கூட அகச்சிவப்பைக் கொட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவே ரிமோட்டின் குரல் தனியாகக் கேட்க வேண்டும். அதற்காக அந்த ஒளியை விநாடிக்கு 38,000 தடவை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். வாங்கும் பக்கத்தில் இருக்கும் மூன்று கால் கறுப்புக் கட்டை, எங்கள் காலத்தில் டிஎஸ்ஓபி 1738, அந்த 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து மற்ற வெளிச்சத்தைத் தள்ளிவிடும். பெயரின் கடைசி இரண்டு எண்கள் அந்த 38தான்.

அகச்சிவப்பைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் எவரும் முதலில் செய்யும் தப்பை நானும் செய்தேன். 555 ஐ.சி.யை வைத்து 38 கிலோஹெர்ட்ஸ் உண்டாக்கி, நிற்காமல் எல்.ஈ.டி.க்குக் கொடுத்தேன். பட்டனை அழுத்திய கணம் வாங்கும் பக்கத்து ரிலே ஒரு தரம் 'டிக்' என்றது. அப்புறம் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் செத்த பிணம் மாதிரி கிடந்தது. டிஎஸ்ஓபி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு ஒன்று வாங்க கோயம்புத்தூர் காந்திபுரம் வரை போய் வந்தேன். அதுவும் அப்படியே செய்தது. இரண்டு வாரம் இதிலேயே போயிற்று.

காரணம் டேட்டா ஷீட்டில் இருந்தது. இன்டர்நெட் சென்டரில் அச்செடுத்து வந்த அந்த நாலைந்து தாளை ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். டிஎஸ்ஓபிக்குள் கேட்கும் திறனைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஒரு சுற்று உண்டு. நிற்காமல் வருகிற 38 கிலோஹெர்ட்ஸை அது ஏதோ ஒரு விளக்கின் தொல்லை என்று முடிவுகட்டி, காதை அடைத்துக்கொள்ளும். பேச்சு விட்டு விட்டு வந்தால்தான் அதற்குப் பேச்சு. ஒவ்வொரு முறையும் குறைந்தது பத்துத் துடிப்பு, அதற்குப் பிறகு கொஞ்சம் மௌனம். அந்த மௌனத்தை நான் கொடுக்கவே இல்லை.

இன்னொரு கோளாறும் இருந்தது. டிஎஸ்ஓபி வாங்கிக்கொள்ளும் பட்டை மிகவும் ஒடுங்கியது, 38இல் பத்தில் ஒரு பங்குதான். நான் 555க்குப் போட்டிருந்தது சாதாரண டிஸ்க் கப்பாசிட்டர். ராத்திரி குளிரில் ஒரு அளவு, பகல் சூட்டில் வேறொரு அளவு. ராத்திரி 38இல் நிறுத்தி வைத்தது, மத்தியானம் ஓட்டு வீட்டுச் சூட்டில் அந்தப் பட்டைக்கு வெளியே போய்விடும். பாலியெஸ்டர் கப்பாசிட்டர் மாற்றியதும் கொஞ்சம் நிலைத்தது. ஆனால் அதற்குள் எனக்கு 555 மேல் நம்பிக்கை போய்விட்டது. அது குறை சொல்ல முடியாத ஐ.சி. ஹான்ஸ் காமன்சிண்ட் 1971இல் வடிவமைத்தது, இன்றும் கடையில் கிடைக்கிறது. நான்தான் அதை அதற்கு ஏற்காத வேலைக்கு வைத்தேன்.

கடைக்காரர் ஒருவர் ஹோல்டெக் கம்பெனியின் ஹெச்டி 12ஏ என்கிற ஐ.சி.யை எடுத்துக் கொடுத்தார். அதற்குத் தாளக்கட்டை 455 கிலோஹெர்ட்ஸ் ரெசொனேட்டர். பழைய ரிமோட்டைப் பிரித்தால் இரண்டு கால் வைத்த சின்ன வில்லை ஒன்று இருக்கும், மேலே 455 என்று எழுதியிருக்கும், அதுதான். 455ஐ 12ஆல் வகுத்தால் 38க்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அந்த 455 எங்கள் வீட்டுப் பழைய ரேடியோவின் ஐ.எஃப். காயிலில் இருந்ததும் கூட. ஸ்டேஷன் பிடிக்கிற எண்ணும் ரிமோட் பேசுகிற எண்ணும் ஒரே குடும்பம் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹெச்டி 12ஏ வெறும் துடிப்பை மட்டும் அனுப்பாது. எட்டு சுவிட்சால் வைக்கும் ஒரு முகவரியையும் சேர்த்து அனுப்பும். வாங்கும் பக்கத்து ஹெச்டி 12டி அதே முகவரி அடுத்தடுத்து மூன்று தடவை சரியாக வந்தால்தான் வேலை செய்யும். பக்கத்து வீட்டு டி.வி. ரிமோட்டுக்கு எங்கள் மோட்டார் ஓடிவிடக் கூடாது. எந்த ரிமோட்டைக் காட்டினாலும் ரிலே போடுகிற சுற்றுகள் பத்திரிகைகளில் நிறைய வந்துகொண்டிருந்தன. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். மோட்டாருக்கு ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத ஒளியோடு வேலை செய்வதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எல்.ஈ.டி. எரிகிறதா கருகிவிட்டதா என்று தெரியாது. இன்றைக்கு செல்போன் கேமராவைக் காட்டினால் ஊதா வெளிச்சமாகத் தெரியும். அன்றைக்கு எங்களிடம் ஏது. கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவருடைய கேமரா முன்னால் ரிமோட்டை நீட்டி அழுத்தினேன். சின்னத் திரையில் ஓர் ஊதாப் புள்ளி துடித்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதற்கப்புறம் வாரா வாரம் அவர் வீட்டுக்குப் போய் எல்.ஈ.டி. சோதித்துக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது.

கார்த்திகை கடைசியில், ஓர் எல்.ஈ.டி.க்கு 100 மில்லியாம்ப் கொடுத்து, 40 அடி போயிற்று. 41ஆவது அடியில் இல்லை.

40இலிருந்து 180. நாலரை மடங்கு. அப்பாவிடம் அப்படிச் சொன்னதும், "அப்ப நாலர மடங்கு கரண்ட் குடுத்தாப் போவுமா?" என்று கேட்டார். போகாது. டார்ச்சைச் சுவருக்குக் கிட்டே பிடித்துக் காட்டினேன். பிறகு இரண்டு பங்கு தூரம் தள்ளிப் பிடித்தேன். வட்டம் அகலத்திலும் இரண்டு பங்கு, உயரத்திலும் இரண்டு பங்கு. அதே வெளிச்சம் நாலு பங்கு இடத்தில் பரவிவிட்டது. இரண்டு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு ஒளி வேண்டும். நாலரை மடங்குக்கு இருபது மடங்கு. அப்பா கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாய்க்காத் தண்ணிய வயல்ல பரப்பி உட்ட மாதிரி" என்றார். அதற்கு மேல் அதை விளக்க எனக்கும் தெரியாது.

இருபது மடங்கை முழுவதும் அனுப்பும் பக்கத்திலேயே சம்பாதித்துவிடலாம் என்று இறங்கினேன். அகச்சிவப்பு எல்.ஈ.டி. நிற்காமல் 100 மில்லியாம்ப்தான் தாங்கும். ஆனால் மைக்ரோ விநாடிக் கணக்கில் நறுக்கிக் கொடுத்தால் அதைப் போல பல மடங்கு தாங்கும். ரிமோட்டின் ரகசியமே அதில்தான். எஸ்எல் 100 ட்ரான்சிஸ்டர் போட்டு, மூன்று எல்.ஈ.டி.யை வரிசையாகக் கோத்து, ஆறு பென்சில் பேட்டரியில் 9 வோல்ட் கொடுத்து, 5.6 ஓம் ரெசிஸ்டரால் 500 மில்லியாம்ப் அளவில் கட்டுப்படுத்தினேன். முதல் தடவை ஒரு கால் மாற்றிப் பற்ற வைத்ததில் ட்ரான்சிஸ்டர் திறந்தபடியே நின்றுவிட்டது. மூன்று எல்.ஈ.டி.யும் நாற்றமடித்துப் போயின. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, மூக்குத்தான் சொன்னது.

சரி செய்த பிறகும் நினைத்த தூரம் வரவில்லை. பென்சில் பேட்டரியால் அரை ஆம்பியரைச் சட்டென்று தள்ள முடிவதில்லை. அழுத்தும்போதெல்லாம் வோல்டேஜ் உட்கார்ந்துவிடும். பேட்டரிக்குக் குறுக்கே 1,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றை வைத்தேன். அது தொட்டி மாதிரி நிரம்பி நின்று, வேண்டிய கணத்தில் மொத்தமாகக் கொடுத்தது. அந்த ஒரு கப்பாசிட்டரால் இருபது அடி கூடியது. ரிமோட்டின் தூரத்தைக் கூட்ட நினைக்கிற எவரும் வேறெதையும் தொடும் முன் அதைச் செய்து பார்க்கலாம்.

கணக்குப்படி 155 அடி போக வேண்டும். 110இல் நின்றது. மின்னோட்டத்தை ஐந்து மடங்காக்கினால் ஒளி ஐந்து மடங்காவதில்லை, எல்.ஈ.டி. சூடேறி ஒளி குறைகிறது. மூன்று எல்.ஈ.டி.யும் துல்லியமாக ஒரே இடத்தைப் பார்ப்பதும் இல்லை. டேட்டா ஷீட்டே 35 மீட்டர் என்றுதான் சொல்லியிருந்தது, 115 அடி. அதுவும் இருட்டில். நான் அந்தச் சுவரில்தான் வந்து முட்டிக்கொண்டிருந்தேன். எல்.ஈ.டி.யை ஐந்தாக்கினேன், ஏழாக்கினேன். பேட்டரிதான் தீர்ந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கு விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "வெளக்கு எதுக்கு சாமி, கண்ணாடி இருக்குதல்ல" என்றார்.

அதுவரை நான் அனுப்பும் பக்கத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் சத்தமாகக் கத்துவது எப்படி என்பதுதான் என் மூன்று மாத வேலை. மோட்டார் ரூமில் கேட்டுக்கொண்டிருக்கும் காது எந்த நிலைமையில் இருக்கிறது என்று ஒரு நாளும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அங்கே போய் உட்கார்ந்தேன்.

மோட்டார் ரூமில் எலெக்ட்ரானிக் சோக் வைத்த டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சோக் விளக்கை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை துடிக்க வைக்கும், ஏறக்குறைய ரிமோட்டின் ஊருக்குள்ளேயே. விளக்கை அணைத்ததும் அதே ரிமோட் 110இலிருந்து 125 அடிக்கு வந்தது. டிஎஸ்ஓபிக்கு வரும் 5 வோல்ட்டில் 100 ஓம் ரெசிஸ்டரும் 4.7 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் போடச் சொல்லி டேட்டா ஷீட்டில் படமே இருந்தது. சும்மா சம்பிரதாயம் என்று விட்டிருந்தேன். போட்டேன். இன்னும் ஏறியது. டிஎஸ்ஓபியிலிருந்து சுற்றுக்குப் போன மூன்று ஒயர், மோட்டாருக்குப் போகும் மும்முனை ஒயருக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து, மைக் செட்டுக்குப் போடும் கவச ஒயரில் கொண்டுபோனேன். ஒரு பைசா மின்சாரம் கூடுதலாகச் செலவழிக்காமல் 140 அடி.

ஸ்டுடியோவில் கழுவிய பிலிமின் கறுத்த நுனியை வெட்டி வந்து முன்னால் ஒட்டியும் பார்த்தேன். கண் காணும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் டிஎஸ்ஓபியின் கறுப்பு உடம்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எந்த மாற்றமும் இல்லை. எடுத்துவிட்டேன்.

வெளிச்சத்தால் வரும் இந்தத் தொல்லை எவ்வளவு பழையது என்று பிற்பாடுதான் படித்தேன். 1955இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனிக்காக யூஜீன் பாலி செய்த ஃப்ளாஷ்-மேட்டிக், டி.வி. திரையின் நாலு மூலையிலும் ஒளி உணரிகளை வைத்து, கைவிளக்கால் இயக்குகிற கருவி. வெயில் பட்டால் சேனல் தானாகவே மாறிவிடும். அடுத்த ஆண்டே அதே கம்பெனியில் ராபர்ட் அட்லர் ஒளியை விட்டுவிட்டு, அலுமினியக் கோல்களைத் தட்டி எழுப்பும் கேளா ஒலிக்குப் போய்விட்டார். பிறகு பல வருஷம் கழித்து ஒளி திரும்பி வந்ததற்குக் காரணம், துடிக்க வைத்து அனுப்பவும் அந்தத் துடிப்பை மட்டும் பொறுக்கவும் கற்றுக்கொண்டதுதான்.

அப்பத்தாவின் பூதக்கண்ணாடியைக் கேட்டேன். கொடுத்துவிட்டு, "படிக்கறதுக்கு எனக்கொண்ணு வாங்கியாந்துரு" என்றார். இரண்டரை அங்குல அகலம். வெயிலில் காய்ந்த இலை மேல் பிடித்து, புள்ளி எங்கே கூர்மையாக விழுகிறது என்று அளந்தேன். சரியாக ஒரு சாண், 9 அங்குலம். இரண்டரை அங்குல பி.வி.சி. பைப்பில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட வெட்டி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒரு வாயில் கண்ணாடி, மறு வாயில் டிஎஸ்ஓபி. அந்தக் கண்ணாடியின் பரப்பில் விழும் ஒளியெல்லாம் டிஎஸ்ஓபியின் குண்டுமணி அளவு முகத்தில் வந்து சேரும். எல்.ஈ.டி.யில் நான் அடித்துப் பிடித்துச் சேர்த்த பதினைந்து மடங்கு, இங்கே ஒரு பழைய கண்ணாடியில் சும்மா கிடைத்தது.

முதல் குழாயை வாசலில் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது டிஎஸ்ஓபியின் முகம் உருகிக் கொப்பளித்திருந்தது. குழாயின் வாய் சூரியனைப் பார்த்திருந்தது. இதைச் செய்து பார்க்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். லென்ஸ் வைத்த குழாயை வெயிலில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. பஞ்சோ சருகோ பின்னால் இருந்திருந்தால் தீயே பிடித்திருக்கும்.

கண்ணாடி தருவது போலவே எடுத்தும் கொள்ளும். அது பார்க்கிற கோணம் ஊசி மாதிரி ஒடுங்கிவிடுகிறது. 5 மில்லிமீட்டர் முகம், ஒரு சாண் நீளக் குழாய், 180 அடி தூரம். கணக்குப் போட்டால் திண்ணையில் அது பார்க்கும் இடம் ஏறக்குறைய நாலடி அகலம்தான். அந்த நாலடிக்குள் இருந்து அழுத்தினால் கேட்கும், வெளியே போனால் கேட்காது. தெரியாத ஒளியை வைத்துக்கொண்டு அந்த நாலடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஎஸ்ஓபியை எடுத்துவிட்டு அதே இடத்தில் டார்ச் பல்பை வைத்தேன். ஒளி எந்த வழியாக உள்ளே வருமோ அதே வழியாகத்தான் வெளியேயும் போகும். அமாவாசைக்கு முந்தின நாள், வீட்டு விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, மோட்டார் ரூம் கூரையில் ஏறிக் குழாயை மெல்லத் திருப்பினேன். 180 அடிக்கு அப்பால் எங்கள் வீட்டுச் சுவரில் மங்கலாக ஒரு மஞ்சள் வட்டம் ஊர்ந்தது. ஓட்டின் மேல் ஏறியது, ஜன்னலைத் தொட்டது, துளசி மாடத்துக்கு இறங்கியது. அம்மா சுண்ணாம்புக் கட்டியோடு வாசலில் நின்று குரல் கொடுத்தார். "இன்னுங் கொஞ்சம் மேக்கால... மேக்கால... நிறுத்து!" அப்பாவின் கட்டிலை ஒட்டிய திண்ணைத் தூணில் வட்டம் வந்து நின்றது. அம்மா தூணில் கோடு போட்டார். நான் குழாயைச் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டேன். அந்த வட்டத்தைப் போல எதையும் நான் அதற்கு முன் செய்ததில்லை.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருப்பது 415 வோல்ட். அதற்குள் நான் கை வைக்கவில்லை. எங்கள் பகுதி எலக்ட்ரீஷியன் வந்து, போடுகிற ரிலேயைப் பச்சைப் பட்டனுக்கு இணையாகவும் நிறுத்துகிற ரிலேயைச் சிவப்புப் பட்டனோடு வரிசையாகவும் சேர்த்துக் கொடுத்தார். நிறுத்துகிற ரிலேயே முதலில் என் யோசனையில் இல்லை. அப்பாதான் கேட்டார். "போடறது கெடக்கட்டும் கண்ணு. நிறுத்தறதுக்கு வெச்சிருக்கறயா?" எந்த நேரமும் நிறுத்த முடிகிற மோட்டாரைத்தான் ஓட்டலாம் என்பது அவர் கட்சி. இரண்டு பட்டன் வைத்தேன். சிவப்பைப் பெரிதாக வைத்தேன்.

2002 மாசி, ராத்திரி ஒன்றே முக்காலுக்குப் பல்பு எரிந்தது. அப்பா எழுந்து, பழக்கத்தில் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்து, தூணோடு சேர்த்துப் பிடித்துப் பச்சையை அழுத்தினார். இருட்டில் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஒரு கணம். அப்புறம் கான்டாக்டர் ஒட்டுகிற சத்தம், மோட்டாரின் முனகல், கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். அந்தச் சத்தம்தான் எங்களுக்குப் பதில். விளக்கோ மணியோ எதுவும் நான் வைக்கவில்லை, வைக்க வேண்டியும் இருக்கவில்லை. அப்பா சிவப்பை அழுத்தினார். நின்றது. மறுபடி பச்சை. மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டு, "செரி, படு" என்றார்.

மடை திருப்ப அவர் எப்படியும் நடந்துதான் ஆக வேண்டும். அதை எந்த ரிமோட்டும் தவிர்க்காது. ஆனால் தூக்கக் கலக்கத்தோடு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எதிரே போய் நிற்கிற அந்த முதல் நடை போயிற்று. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த எட்டு ஆண்டுகளில் சின்னச் சின்னத் தடைகள் வந்தன. ஒரு நாள் எதுவும் வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றினேன், ஐ.சி. மாற்றினேன். கடைசியில் கூரை ஏறிப் பார்த்தால் குழாய் வாயில் கண்ணாடிக்கு மேலேயே குளவி மண்கூடு கட்டியிருந்தது. கொசு வலைத் துண்டு ஒன்றைக் கட்டினேன். வலையால் பத்தடி குறைந்தது, குளவி வருவது நின்றது. காலையில் வெயில் சாய்வாகக் குழாய்க்குள் விழும் அரை மணி நேரம் காது மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் அப்பா கிணற்றடியில்தான் இருப்பார் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

பெரிய தடை வந்தது மக்காச்சோளத்தால். புரட்டாசியில் விதைத்தது, ஐப்பசியில் ஆளுயரம் தாண்டி, தூணுக்கும் குழாய்க்கும் நடுவே சுவராக நின்றுவிட்டது. அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது, அடர்ந்த பயிரையும் அப்படி ஒன்றும் தாண்டிவிடாது. குழாயை இன்னும் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று இரும்புப் பைப் வாங்கப் புறப்பட்டேன். அப்பா, அதெல்லாம் வேண்டாம், இந்த போகம் முடியட்டும் என்றார். அடுத்த போகத்தில் வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே நாலு பாத்தி அகலத்துக்கு மக்காச்சோளம் போடாமல் நிலக்கடலை போட்டிருந்தார். கடலைச் செடி முழங்காலுக்கு மேல் போகாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லீவுக்கு வந்தபோது பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பாத்திகளில் அதற்கப்புறம் கடலை அல்லது உளுந்துதான்.

2010 வாக்கில் சிம் கார்டு போடும் செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கி வைத்தோம். இப்போது நான் இருக்கும் ஊரிலிருந்தே மோட்டாரைப் போடலாம். வேலைக்கு அதுதான் நல்லது, சந்தேகமில்லை. குழாயைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த புதியதைத் திருப்பித் தந்தார். பழையதுதான் எழுத்து நன்றாகத் தெரிகிறதாம்.

இப்போதும் கல்லூரிப் பையன்கள் ரிமோட் தூரம் போகவில்லை என்று எல்.ஈ.டி.க்கு மேல் எல்.ஈ.டி. அடுக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். முதலில் வாங்கும் பக்கத்துக்குப் போய் உட்காருங்கள் என்கிறேன். பக்கத்தில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். 100 ஓமும் 4.7 மைக்ரோஃபாரடும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு சாண் கறுப்புக் குழாயும் ஒரு பூதக்கண்ணாடியும் கிடைத்தால் வைத்துப் பாருங்கள், வெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மோட்டாருக்கோ பம்புக்கோ செய்கிறீர்கள் என்றால் நிறுத்தும் பட்டனை முதலில் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் வேலையை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.